விவசாயிக்கு எது, களப்பணியாளருக்கு எது: டிஜிட்டல் கற்றல் கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

சிறு விவசாயிகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் அளிக்கும் கூட்டுறவுச் சங்கமோ, உற்பத்தியாளர் குழுவோ, தொண்டு நிறுவனமோ, அரசின் வேளாண் அலுவலகமோ டிஜிட்டல் கருவி ஒன்றில் பணம் போட முடிவு செய்யும்போது, பேச்சு பெரும்பாலும் செயலியில்தான் தொடங்குகிறது: எந்தச் செயலி, யார் வடிவமைப்பது, எத்தனை பேர் பதிவிறக்குவார்கள். அங்கிருந்து தொடங்கினால் முடிவு பிசகுவதற்கு வாய்ப்பு அதிகம். குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, வானொலி, காணொளி, இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் செயலி, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் உரையாடல் மென்பொருள், இணையவழிப் பாடம் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை அறிவைக் கொண்டு சேர்க்க வல்லது. ஒன்று நன்றாகச் செய்வதை இன்னொன்று அரைகுறையாகவே செய்யும். அளவான பணமும் சில களப்பணியாளர்களும் மட்டுமே கொண்ட ஒரு நிறுவனம் இவற்றில் எதை முதலில் எடுக்க வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்பதே இந்த ஒப்பீட்டின் நோக்கம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விவசாயிக்குக் குரலும் காணொளியும், களப்பணியாளருக்குச் செயலியும் பாடங்களும் என்று பிரித்துக்கொள்வதே பெரும்பாலான இடங்களில் பொருந்தும்.

உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றில் ஏறத்தாழ 84 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைந்தவை. உலக வேளாண் நிலத்தில் சுமார் 12 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உலக உணவில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி இவை விளைவிக்கின்றன. இத்தனை பேரையும் நேரில் சென்று பார்க்க எந்த நாட்டிலும் போதிய களப்பணியாளர்கள் இல்லை என்பதால்தான் டிஜிட்டல் வழிகள் மீது இவ்வளவு நம்பிக்கை வைக்கப்படுகிறது. அந்த நம்பிக்கைக்கும் ஓர் அளவு வேண்டும். ராய்சா ஃபாப்ரகாஸ், மைக்கேல் கிரெமர், ஃபிராங்க் ஷில்பாக் ஆகிய பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, இந்தியாவிலும் சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவிலும் கைபேசி வழியாகச் சென்ற வேளாண் தகவல் விளைச்சலைச் சராசரியாக 4 சதவீதம் கூட்டியதாகவும், பரிந்துரைத்த இடுபொருள்களை விவசாயிகள் கடைப்பிடிக்கும் வாய்ப்பை 22 சதவீதம் உயர்த்தியதாகவும் கண்டது. 4 சதவீதம் என்பது சிறிய எண். ஆனால் ஒரு விவசாயியைச் சென்றடையும் செலவு மிகக் குறைவாக இருந்தால் அதுவே நல்ல முதலீடு. ஒரு விவசாயிக்கு ஆகும் செலவு ஏற ஏற அந்தக் கணக்கு விரைவில் கவிழ்ந்துவிடும் என்பதைக் கருவி வாங்குபவர்கள் கடைசி வரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன் எந்த அறிவு என்று கேட்க வேண்டும். விவசாயிக்குத் தேவைப்படும் அறிவை நான் நான்காகப் பிரித்துப் பார்க்கிறேன். முதலாவது, காலம் பற்றியது: மேலுரம் இட வேண்டிய வாரம், மழை வரும் நாள், தடுப்பூசி போட வேண்டிய தேதி. இரண்டாவது, கைத்திறன் பற்றியது: விதை நேர்த்தி, கவாத்து, ஒட்டுக் கட்டுதல், தானியத்தைக் காற்றுப் புகாமல் சேமித்தல். மூன்றாவது, அடையாளம் காண்பது: இந்த மஞ்சள் நிறம் நுண்ணூட்டச் சத்துக் குறைவா, வைரஸ் நோயா, வேரில் நீர் தேங்கியதன் விளைவா. நான்காவது, காரணத்தைப் புரிந்துகொள்வது: மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி ஏன் பெருகுகிறது, பயிர்ச் சுழற்சி மண்ணுக்கு என்ன செய்கிறது. இந்த நான்கையும் ஒரே கருவியில் திணிக்கும் திட்டங்கள்தான் அதிகம் தடுமாறுகின்றன.

குறுஞ்செய்தி

குறுஞ்செய்தியைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. அது முதல் வகை அறிவுக்கு, அதாவது ஏற்கனவே தெரிந்த ஒன்றை உரிய நாளில் நினைவூட்டுவதற்கு, உதவும். லத்தீன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகளுக்கு இடம் உண்டு. தமிழ், வங்காளம், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் போன்ற மொழிகளின் எழுத்துகளில் அது 70ஆகக் குறைகிறது. தமிழில் கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனியாக எண்ணப்படுவதால் உண்மையில் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. இந்த இடத்துக்குள் மருந்தின் பெயர், அளவு, கலக்கும் நீரின் அளவு, அடிக்கக் கூடாத சூழல் ஆகிய நான்கையும் பிழையில்லாமல் சொல்ல முடியாது. ஒன்றை விட்டுவிட்டால் ஆலோசனையே ஆபத்தாகிவிடும். மகாராஷ்டிரத்தில் சந்தை விலை, வானிலை, பயிர்க் குறிப்புகள் ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாக அனுப்பிய ஒரு கட்டணச் சேவையை ஃபாஃப்சாம்ப்ஸ், மின்டன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். விவசாயிகள் பெற்ற விலையிலோ பயிர் இழப்பிலோ குறிப்பிடத்தக்க சராசரி மாற்றம் எதையும் அவர்கள் காணவில்லை. ஆகவே குறுஞ்செய்தியை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம், திட்டத்தின் மையமாக்கக் கூடாது.

குரல்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், சாதாரண பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், தங்கள் வட்டார வழக்கில் கேட்டால்தான் நம்பிக்கை பிறக்கும் என்பவர்களுக்கும் குரலை விட நல்ல வழி இல்லை. குரல்வழிச் சேவைகளிலேயே மூன்று வடிவங்கள் உள்ளன; அவற்றைக் கலக்காமல் ஒப்பிட வேண்டும்.

முதல் வடிவம், மனிதர் பதிலளிக்கும் அழைப்பு மையம். இந்தியாவில் 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் அழைப்பு மையங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. கட்டணமில்லா எண்ணில் 22 மொழிகளில் வேளாண் பட்டதாரிகள் பதில் சொல்கிறார்கள். விவசாயியின் கேள்வியைத் திருப்பிக் கேட்டு, தெளிவுபடுத்திக்கொண்டு பதில் சொல்ல முடிவது இதன் பலம். எடுக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் ஆள் தேவைப்படுவதும், பதில் சொல்பவர் அந்த வயலைப் பார்த்ததே இல்லை என்பதும் இதன் வரம்புகள். இரண்டாவது வடிவம், பதிவு செய்த குரலை எண்களை அழுத்திக் கேட்கும் தானியங்கிச் சேவை. எத்தியோப்பியாவில் 2014இல் தொடங்கப்பட்ட 8028 என்ற எண் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நாட்டின் பல மொழிகளில் பயிர் வாரியாக ஆலோசனை கேட்கலாம். எத்தனை லட்சம் பேர் அழைத்தாலும் செலவு அந்த அளவுக்கு ஏறாது. ஆனால் மூன்று படிகளுக்கு மேல் எண் அழுத்தச் சொன்னால் பலர் பாதியிலேயே வைத்துவிடுவார்கள் என்பதால் உள்ளடக்கத்தைச் சுருக்கி அடுக்கும் திறமை இங்கே தொழில்நுட்பத்தை விட முக்கியம்.

மூன்றாவது வடிவத்தில் இரண்டும் சேர்ந்திருக்கும்: விவசாயி தன் கேள்வியைப் பதிவு செய்கிறார், நிபுணர் பின்னர் பதிலைப் பதிவு செய்கிறார், அந்தக் கேள்வியையும் பதிலையும் மற்ற விவசாயிகளும் கேட்கலாம், இத்துடன் வாரந்தோறும் பருவத்துக்கேற்ற செய்தி ஒன்று அழைப்பாக வந்து சேரும். குஜராத்தில் ஆவாஜ் ஓட்டலோ என்ற பெயரில் நடந்த சேவை இப்படிப்பட்டது. பருத்தி விவசாயிகளிடையே ஷான் கோல், நிலேஷ் ஃபெர்னாண்டோ இருவரும் நடத்திய இரண்டாண்டு ஆய்வு, விவசாயிகள் தகவலுக்காக நாடும் இடத்தையே இந்தச் சேவை மாற்றியதையும், அது பரிந்துரைத்த இடுபொருள்களை அவர்கள் தொடர்ந்து பின்பற்றியதையும் காட்டியது. அதே ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளையும் சொன்னது: விளைச்சலிலோ லாபத்திலோ சீரான உயர்வு தென்படவில்லை, விவசாயிகள் தாமே கொடுக்க முன்வந்த கட்டணம், ஆய்வின்போது ஒருவருக்கு ஆன செலவை விடக் குறைவு. விவசாயிகளிடம் கட்டணம் வாங்கியே சேவை தன் காலில் நின்றுவிடும் என்று எழுதப்படும் திட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது இந்தக் கண்டுபிடிப்பை நினைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வடிவங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் மூன்றாவதையே எடுப்பேன். அதன் பெரிய பயன் விவசாயிக்குப் போகும் பதிலோடு முடிந்துவிடுவதில்லை. அங்கே சேரும் கேள்விகளின் பதிவேடு, எந்த வாரத்தில் எந்தப் பகுதியில் எந்தச் சந்தேகம் தலைதூக்குகிறது என்பதை வேறெந்தக் கணக்கெடுப்பும் சொல்லாத துல்லியத்தோடு சொல்லும். அந்தப் பதிவேட்டிலிருந்து அடுத்த காணொளியின் தலைப்பையும், களப்பணியாளர்களின் அடுத்த மாதப் பயிற்சியையும், பின்னால் வாங்கப்போகும் உரையாடல் மென்பொருளைச் சோதிக்கும் வினாத்தாளையும் எடுக்கலாம்.

வானொலியை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது தனியாக நிற்பதை விடக் குரல் அழைப்போடு சேரும்போது அதிகம் பயன்படுகிறது. கனடாவில் 1979இல் தொடங்கிய ஃபார்ம் ரேடியோ இன்டர்நேஷனல் ஆப்பிரிக்காவின் பல வானொலி நிலையங்களோடு சேர்ந்து, ஒரே ஒரு வேளாண் முறையை எடுத்துக்கொண்டு பல வாரங்கள் தொடர்ந்து பேசி, விவசாயிகளின் குரலையே ஒலிபரப்பி, அழைப்புகள் மூலம் கேள்விகளைத் திரட்டும் முறையை வளர்த்திருக்கிறது. மக்கள் கேட்கும் வானொலி நிலையம் ஒன்று அருகில் இருந்தால், புதிதாகச் செயலி உருவாக்கும் முன் அந்த நிலையத்தின் கதவைத் தட்டுவது அறிவு.

காணொளி

கைத்திறனைக் கற்பிக்கக் காணொளிக்கு நிகர் எதுவும் இல்லை. சான்றுகளும் இங்கேதான் வலுவாக உள்ளன. டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு 2006இல் மைக்ரோசாஃப்டின் இந்திய ஆராய்ச்சிக் கூடத்தில் ஓர் ஆய்வாகத் தொடங்கி 2008இல் தனி நிறுவனமானது. அதன் முறை எளிமையானது: அந்தப் பகுதி விவசாயிகளே ஒரு வேளாண் முறையைத் தங்கள் வயலில் செய்துகாட்டும் குறுங்காணொளியை எடுப்பது, அதைச் சிறு குழுக்களுக்குத் திரையிடுவது, ஊரைச் சேர்ந்த ஒருவர் அடிக்கடி நிறுத்தி, கேள்வி கேட்டு, விவாதத்தை நடத்துவது, பிறகு யார் கடைப்பிடித்தார் என்று வயலில் பார்ப்பது. கர்நாடகத்தின் சில ஊர்களில் ஓராண்டுக்குச் சற்று மேல் நடந்த தொடக்க கால ஆய்வில், களப்பணியாளர் நேரில் சென்று ஆலோசனை சொல்லும் வழக்கமான விரிவாக்கப் பணியோடு ஒப்பிட்டால் சில முறைகளைக் கடைப்பிடிப்பது ஏழு மடங்கு உயர்ந்தது. கடைப்பிடித்த ஒருவருக்கு ஆன செலவின் அடிப்படையில் குறைந்தது பத்து மடங்கு பயனுள்ளது என்று கணக்கிடப்பட்டது. அது சிறிய ஆய்வு. அமைப்பை உருவாக்கியவர்களே நடத்தியது. எனவே இந்த எண்களை ஒரு திசைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட என்னை அதிகம் நம்பவைப்பது உகாண்டாவின் மக்காச்சோள விவசாயிகளிடையே வான் காம்பென்ஹவுட், ஸ்பீல்மன், லெகூடேர் ஆகியோர் நடத்திய சோதனை. அதில் காணொளி, தானியங்கிக் குரல் சேவை, குறுஞ்செய்தி நினைவூட்டல் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குறுங்காணொளியைப் பார்த்த குடும்பங்கள் அறிவுத் தேர்வில் முன்னே நின்றன, பரிந்துரைத்த முறைகளை அதிகம் பின்பற்றின, காணாதவர்களை விட ஏறத்தாழ 10.5 சதவீதம் அதிக விளைச்சலைத் தெரிவித்தன. குரல் சேவையும் குறுஞ்செய்தியும் அதற்கு மேல் கூட்டியது மிகச் சொற்பம். குரல் வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. கற்பிக்க வேண்டியது கைத்திறனாக இருந்தபோது காணொளியே வேலையை முடித்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். ஒரே பயிருக்கு மூன்று வழிகளிலும் அதே செய்தியை அனுப்பி மூன்று மடங்கு செலவிடும் திட்டங்களுக்கு இது நேரடியான எச்சரிக்கை.

காணொளிக்குள்ளேயே இன்னொரு தேர்வு இருக்கிறது: சொந்தமாக எடுப்பதா, வேறு இடத்தில் எடுத்ததற்கு நம் மொழியில் குரல் கொடுப்பதா? ஆக்சஸ் அக்ரிகல்ச்சர் என்ற அமைப்பு 2012 முதல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் விவசாயிகள் பேசும் காணொளிகளைத் தொகுத்து, 100க்கும் மேற்பட்ட மொழிகளில் கட்டணமின்றித் தருகிறது. வங்கதேசத்துப் பெண் விவசாயிகளை வைத்து எடுத்த நெல் விதைப் பராமரிப்புக் காணொளிகள் ஆப்பிரிக்க மொழிகளில் குரல் மாற்றப்பட்டுப் பயன்பட்டது இந்த வழியின் பலத்தைக் காட்டுகிறது: விதையை நீரில் இட்டு மிதப்பதை நீக்குவது ஏன் என்ற விளக்கத்துக்கு நாட்டு எல்லை இல்லை. சாபோ (SAWBO) எனப்படும் எல்லைகளற்ற அறிவியல் அசைவுப்பட அமைப்பு 2011 முதல் இதே நோக்கத்துக்குக் கேலிச்சித்திர வடிவிலான குறும்படங்களைப் பயன்படுத்துகிறது. மனித முகமோ குறிப்பிட்ட நிலமோ இல்லாததால் குரலை மட்டும் மாற்றினால் போதும். என் பரிந்துரை, அறிவின் வகையைப் பார்த்து இரண்டையும் கலப்பது. கோட்பாட்டை விளக்கும் பாடங்களுக்கும், பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி போல் கண்ணுக்கு எளிதில் தெரியாதவற்றுக்கும் மொழிமாற்றம் போதும். ரகத்தின் பெயர், உரத்தின் அளவு, உள்ளூரில் கிடைக்கும் கருவி ஆகியவை வரும் பாடங்களை மட்டும் சொந்தமாக எடுக்கலாம். சொந்தமாக எடுக்கும்போது பளபளப்பை விடத் தெளிவான ஒலியில் பணம் போடுங்கள். படம் சற்று ஆடினாலும் விவசாயி பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

யாருக்குத் திரையிடுகிறோம் என்பதும் முடிவின் ஒரு பகுதி. அதே உகாண்டா ஆய்வாளர்கள், கணவருக்கு மட்டும் காட்டுவதற்கும் மனைவிக்கும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தபோது, பெண்ணுக்கே நேரடியாகக் காட்டுவது அவருடைய அறிவையும், பயிர் பற்றிய முடிவுகளில் அவர் பங்கையும் உயர்த்தியதைக் கண்டார்கள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது ஆணின் சட்டைப்பையில் என்ற நிலை உலகின் பல பகுதிகளில் இன்னும் மாறவில்லை. கைபேசிக்கு அனுப்பும் காணொளி அந்தச் சட்டைப்பையோடு நின்றுவிடும். பேட்டரியிலோ சூரிய ஒளியிலோ இயங்கும் சிறிய திரையிடும் கருவியை எடுத்துச் சென்று, பெண்கள் கூடும் நேரத்தில் கூடும் இடத்தில் காட்டுவது அவர்களைச் சென்றடையும். செலவு அதிகம்தான், ஆனாலும் நான் இதற்கே வாக்களிப்பேன்.

நோயறியும் செயலியும் உரையாடல் மென்பொருளும்

இலையைப் படமெடுத்தால் நோயைச் சொல்லும் செயலிகளை விற்பவர்கள் காட்டும் துல்லிய எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாதே ஆகியோர் 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினிக்குக் கற்பித்தபோது, அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்த படங்களை அது 99.35 சதவீதம் சரியாக இனம் கண்டது. வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31.4 சதவீதத்துக்குச் சரிந்தது. அந்தச் சரிவை ஆய்வாளர்களே நேர்மையாக வெளியிட்டார்கள். ஒரே நிறப் பின்னணியில் வைத்த ஒற்றை இலைக்கும், வெயிலும் நிழலும் மண்ணும் படிந்த வயல் இலைக்கும் உள்ள தூரம் அது.

பிறகு வந்த கருவிகள் வயலுக்காகவே உருவானவை. மரவள்ளிக்கென உருவான பிளான்ட்வில்லேஜ் நுரு என்ற செயலி இணையம் இல்லாமலும் இயங்கும். தேமல் நோய், பழுப்புக் கீற்று நோய் ஆகியவற்றின் அறிகுறிகளை அடையாளம் காண்பதில் அதை மனிதர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது: செயலியின் துல்லியம் 65 சதவீதம், விரிவாக்கப் பணியாளர்களுடையது 40 முதல் 58 வரை, விவசாயிகளுடையது 18 முதல் 31 வரை. ஒரு செடியில் ஆறு இலைகளைப் பார்க்க வைத்தபோது செயலியின் துல்லியம் 74 முதல் 88 சதவீதம் வரை உயர்ந்தது. இந்த எண்களில் பலர் கவனிக்காமல் விடுவது களப்பணியாளரின் எண்ணை. அவரை நம்பித்தான் முழு அமைப்பும் நிற்கிறது. அவரே பாதிக்குப் பாதி தவறுகிறார் என்றால் முதலில் உதவி தேவைப்படுபவர் அவர்தான். நோயறியும் செயலியைக் களப்பணியாளர் கையில் கொடுத்து, ஆறு இலைகளைப் பார்க்கும் ஒழுங்கைப் பழக்கி, செயலி சொன்னதையும் தான் கண்டதையும் ஒப்பிட வைத்தால் ஒவ்வொரு வயலும் அவருக்குப் பயிற்சிக் கூடமாகும். அதே செயலி தனியாக விவசாயி கையில் இருந்தால், தவறான மூன்றில் ஒரு பங்கு விடைகளைத் திருத்த அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: நோயைச் சொன்ன அடுத்த நொடியில் செயலி என்ன செய்கிறது? மருந்தின் பெயரையும் விற்பனையாளரின் முகவரியையும் அதே திரையில் காட்டினால், அந்தச் செயலியின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பரிந்துரைக்கக் கூடாது. மருந்தே தேவையில்லை, செடியைப் பிடுங்கி எரித்தால் போதும், அல்லது சேதத்தின் மதிப்பு மருந்துச் செலவைத் தாண்டும் பொருளாதாரச் சேத நிலையை எட்டும்வரை பொறுத்திருக்கலாம் என்ற விடையைத் தரத் தெரியாத கருவி ஆலோசனைக் கருவி ஆகாது.

உரையாடல் மென்பொருள்கள் இந்தத் துறையில் மிகப் புதியவை. டிஜிட்டல் கிரீன் 2023இல் வெளியிட்ட ஃபார்மர்.சாட் போன்றவை, சரிபார்க்கப்பட்ட வேளாண் ஆவணங்களிலிருந்து விடையைத் தேடியெடுத்து, பேசும் மொழியிலேயே சொல்ல முயல்கின்றன. குரலில் கேட்டுக் குரலில் பதில் பெறலாம் என்பதால், முன்பு அழைப்பு மையம் மட்டுமே செய்ய முடிந்ததை ஆளில்லாமல் செய்யும் வாய்ப்பு இவற்றில் உண்மையாகவே இருக்கிறது. ஆபத்தும் உண்மையானது. மருந்தின் அளவை ஒரு புள்ளி இடம் மாற்றிச் சொல்லும் மென்பொருள், சரியான விடையைச் சொல்லும் அதே உறுதியான தொனியில்தான் அதையும் சொல்லும். குறைந்த அளவே எழுத்து வடிவில் கிடைக்கும் மொழிகளில் களை, பூச்சி, கருவி ஆகியவற்றின் வட்டாரப் பெயர்களை இவை குழப்பிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். எனவே முதல் இரண்டு பருவங்களுக்கு இதைக் களப்பணியாளருக்கு மட்டும் கொடுங்கள். குரல் சேவையின் பதிவேட்டிலிருந்து உண்மையான விவசாயிகளின் சொற்களிலேயே சில நூறு கேள்விகளை எடுத்து, விடைகளைப் பயிர் நிபுணர்கள் படித்து, சரி, அரைகுறை, தீங்கானது என்று மூன்றாகப் பிரிக்கட்டும். மூன்றாவது பிரிவில் எத்தனை விழுகின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். சராசரி மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தீங்கான விடைகளை அது மறைத்துவிடும்.

களப்பணியாளருக்கான கற்றல்

களப்பணியாளர்களுக்கென எடுக்கும் முடிவுகளில் மிகவும் அலட்சியம் காட்டப்படுவது அவர்களுடைய நேரம். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் இணையவழிப் பாடங்கள் இலவசம். ஊரக ஆலோசனைச் சேவைகளுக்கான உலக மன்றம், குழுவை வழிநடத்துதல், பாலினச் சமத்துவம், வேளாண் தொழில்முனைவு போன்றவற்றைக் கற்பிக்கும் பாடத்தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. ஏழை நாடுகளின் நிறுவனங்கள் வேளாண் ஆய்விதழ்களைப் படிக்க 2003இலிருந்து அகோரா என்ற வாயில் திறந்திருக்கிறது. உள்ளடக்கத்துக்குப் பஞ்சமில்லை. பயிர்ப் பருவத்தின் நடுவில், நாள் முழுவதும் வயல்களில் அலைந்து திரும்பியவரிடம் எட்டு வாரப் பாடத்தை முடிக்கச் சொன்னால், அவர் விடைகளை யாரிடமாவது கேட்டு எழுதிச் சான்றிதழை வாங்கிக்கொள்வார். நீண்ட பாடங்களைப் பருவத்துக்கு வெளியே, அலுவல் நேரத்துக்குள், இணையம் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். இணையமே இல்லாத இடங்களுக்குக் கோலிப்ரி போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு; ஒரு சிறிய கணினியில் பாடங்களை ஏற்றிவைத்தால் அறையிலுள்ள கைபேசிகள் அனைத்தும் இணையமின்றியே அவற்றைத் திறக்கலாம்.

பருவத்துக்குள் பயன்படுவது வேறு: பகுதிக் களப்பணியாளர்களின் வாட்ஸ்அப் குழு. வயலில் நின்றபடி ஒருவர் அனுப்பும் படத்துக்குப் பத்து நிமிடத்தில் மற்றொருவர் பதில் தருகிறார்; எந்தப் பாடமும் இந்த வேகத்துக்கு ஈடாகாது. அதன் குறை, நேற்றைய விடை இன்றைய வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடுவது. வாரத்துக்கு ஒருமுறை முக்கியமான கேள்விகளையும் சரிபார்த்த விடைகளையும் தொகுத்து எழுதி வைக்க ஒருவரை நியமித்து, அந்த வேலைக்கு அவருடைய நேரத்தை முறையாக ஒதுக்கினால், செலவே இல்லாத இந்தக் கருவி மற்ற பலவற்றை விஞ்சும். கேபி (CABI) என்ற பன்னாட்டு வேளாண் அமைப்பு 2011இல் தொடங்கிய பிளான்ட்வைஸ் திட்டத்தின் பயிர் மருத்துவக் குறிப்பேடுகள் இந்தத் தொகுப்புக்கு நல்ல மாதிரி: ஒரு நோய், ஒரு தாள், முதலில் தடுப்பு, பிறகு கண்காணிப்பு, மருந்து கடைசியில்.

நான்காவது வகை அறிவுக்கு, அதாவது காரணத்தைப் புரிந்துகொள்வதற்கு, டிஜிட்டல் கருவி எதையும் நான் முதன்மையாகப் பரிந்துரைக்க மாட்டேன். 1989இல் இந்தோனேசியாவில் நெல்லின் புகையான் பூச்சியைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள், பருவம் முழுவதும் வாரந்தோறும் விவசாயிகளை ஒரே வயலில் கூட்டி, நன்மை செய்யும் பூச்சிகளையும் தீமை செய்பவற்றையும் எண்ண வைத்து, வரைய வைத்து, அவர்களே முடிவெடுக்கப் பழக்கின. மருந்து அடித்தால் சிலந்திகளும் பிற இரைவிழுங்கிகளும் அழிந்து புகையான் பெருகுகிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். இதைத் திரையில் காட்டலாம். காண்பவர் நம்புவாரா என்பது வேறு. வயல்வெளிப் பள்ளி முடிந்தவர்களுக்கு அடுத்த பருவங்களில் நினைவூட்டலாகக் குரலும் காணொளியும் செல்லட்டும், பள்ளிக்கான பணத்தை வெட்டி அவற்றை வாங்க வேண்டாம்.

எதை எடுப்பது

பெரும்பாலான விவசாயிகளிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, இணையம் விட்டு விட்டு வருகிறது என்றால், கேள்வி கேட்கும் வசதியுள்ள குரல் சேவையும், ஐந்தாறு முக்கியக் கைத்திறன்களுக்கான குழுத் திரையிடலும் போதுமான தொடக்கம். களப்பணியாளர்களுக்கு வாட்ஸ்அப் குழுவும் இணையமின்றித் திறக்கும் குறிப்பேடுகளும் வேண்டும். ஸ்மார்ட்போன் பரவலாக இருக்கும் இடத்தில் அதே காணொளிகளைக் கைபேசிக்கும் அனுப்பலாம், ஆனால் குழுத் திரையிடலைக் கைவிடக் கூடாது; விவாதத்தை நடத்துபவர் இல்லாமல் அதே பலன் வரும் என்பதற்கு நான் நம்பும் சான்று எதுவும் இல்லை. ஒரே பயிர், ஒரே பெரிய நோய் என்ற நிலையில் இருக்கும் பகுதிகளுக்கு மட்டும், அந்தப் பயிருக்கென வயலில் சோதிக்கப்பட்ட நோயறியும் செயலியை முதலிலேயே எடுப்பது நியாயம். பல பயிர்கள் கலந்த பகுதியில் எல்லாப் பயிருக்கும் ஒரே செயலி என்று வரும் வாக்குறுதியைத் தள்ளிவைக்கலாம்.

அளவீட்டையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், எத்தனை அழைப்புகள் போயின என்பவை சேவையாளரின் கணக்கு. பரிந்துரைத்த ஒரு முறையை எத்தனை வயல்களில் நேரில் பார்க்க முடிகிறது என்பதே நம் கணக்கு. அதை எண்ண, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில வயல்களுக்குப் பருவத்தில் இருமுறை சென்றால் போதும். சேவையில் சேராத அண்டை ஊர் ஒன்றையும் அதே கேள்வியோடு பார்த்துவிட்டு வந்தால், மழை நன்றாகப் பெய்த ஆண்டின் விளைச்சலைக் கருவியின் வெற்றியாக எழுதும் தவறு நேராது.

கடைசியாக ஒப்பந்தம். நன்கொடை முடிந்ததும் சேவையும் நின்றுபோவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பதால், கையெழுத்திடும் முன் சிலவற்றை எழுத்தில் பெற வேண்டும். காணொளி, குரல் பதிவுகளின் மூலக்கோப்புகள் நிறுவனத்துக்கே உரியவையாக இருக்க வேண்டும். கேள்விப் பதிவேட்டை வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் மாதந்தோறும் பெற வேண்டும். விவசாயிகளின் எண்களும் நில விவரங்களும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் இடுபொருள் நிறுவனங்களுக்கோ கடன் நிறுவனங்களுக்கோ போகக் கூடாது. அளவும் மருந்தும் பற்றிய ஒவ்வொரு பதிவுக்கும் மறுபரிசீலனைத் தேதியும் பொறுப்பாளர் பெயரும் இருக்க வேண்டும், ஏனென்றால் தடைசெய்யப்பட்ட மருந்தைப் பரிந்துரைக்கும் பழைய குரல் பதிவு எவரும் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஒலித்துக்கொண்டிருக்க முடியும். அழைப்பு எண்ணையும் சேவையாளரின் பெயரில் பதிவு செய்ய விடாமல், நிறுவனத்தின் பெயரிலேயே வாங்குங்கள். சேவையாளர் மாறும் நாளில் விவசாயிகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்த எண் அவரோடு போய்விட்டால், அவர்களைத் திரும்பத் தேடிச் சேர்க்கும் செலவு முதல்முறை ஆனதை விடக் குறையாது.